தாளம் தம்பிக்கு, வார்த்தை அண்ணனுக்கு!

வேலூரைக் கிண்டல் பண்ண ஒரு பழைய வாய்ப்பாடு இருக்கிறது. தண்ணி இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, மரம் இல்லாத மலை... இப்படியே போகும். (இன்னும் ரெண்டு அயிட்டம் உண்டு. ஒன்று போலீஸைப் பற்றி, இன்னொன்று பெண்களைப் பற்றி. எனக்கு டிரைவிங் லைசென்ஸும் வேண்டும், வீட்டில் ராத்திரி சாப்பாடும் வேண்டும். விட்டுவிடுகிறேன்.)

இதை முதலில் சொன்ன புண்ணியவான் யாரோ, ஆள் சரியான ராப்பர். சொந்த ஊரின் குறையை நாலு தட்டில் அடுக்கி, ஒவ்வொரு வரியிலும் ஒரு 'இல்லாத'வைப் போட்டு, கேட்டவன் மறக்க முடியாதபடி பண்ணிவிட்டான். இதைத்தானே ராப் பாடுகிறவர்கள் பண்ணுகிறார்கள்?

ஒரே ஒரு சிக்கல். சாமி 1981-லேயே கோயிலுக்குத் திரும்பிவிட்டார். அதுவரை ஜலகண்டேஸ்வரர் எங்கே இருந்தார் என்கிறீர்கள்? எங்கள் சத்துவாச்சாரியில்தான், விநாயகர் கோயிலில். (மகன் வீட்டில் அப்பா கெஸ்ட்!) 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளமே வந்தது. ஊரே போய்ப் பாலத்தில் நின்று செல்போனில் படம் பிடித்தது. ஆனாலும் வெளியூர்க்காரன் இன்றைக்கும் நம்மிடம் வந்து, 'தண்ணி இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில்' என்று கண்ணடிக்கிறான். வரி என்னவோ ஜோர்தான். ஆனால் எக்ஸ்பயரி தேதி தாண்டின சரக்கு.

கலைஞனுக்கும் இப்படி எக்ஸ்பயரி தேதி உண்டா? குறிப்பாக, இளசுகளின் சமாச்சாரம் என்று முத்திரை குத்தப்பட்ட ராப் பாட்டில்?

இந்தச் சந்தேகத்தைக் கிளப்பியது ஓர் இருபத்திரண்டு வயசுப் பையன். கட்டுரை எழுதாத நாட்களில் அடியேன் ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் சில கம்பெனிகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறவன். (பி.காம். படித்தவன் எழுத்தாளனானாலும் வரவு, செலவு விடாது.) அப்படி ஓர் ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், "தமிழ் ராப்னா யோகி பி-தாம்பா" என்று வாயை விட்டேன். பையன் தயிர் சாதத்திலிருந்து தலை நிமிர்ந்தான்.

"யாருண்ணே அது? யோகி பாபுவுக்குத் தம்பியா?"

எனக்குச் சோறு இறங்கவில்லை. முப்பத்தாறு வயசில் ஒருத்தனுக்குக் கிழடு தட்டுவது தலைமுடியில் இல்லை சார், இந்த மாதிரிக் கேள்விகளில்தான்.

*

யோகி பி மலேசியத் தமிழர். 'பொயட்டிக் அம்மோ' என்ற குழுவில் இருந்தவர். அந்தக் குழு 1998-ல் ஓர் ஆல்பம் போட்டது. கோலாலம்பூர் தெருவில் எத்தனை பாஷை புழங்குமோ அத்தனையும் கலந்த சங்கதி. அப்புறம் 'யோகி பி அண்ட் நட்சத்ரா' என்ற பெயரில் 2006-ல் 'வல்லவன்' வந்தது. முழுக்கத் தமிழ் ராப். அதில் 'மடை திறந்து' பாட்டு சென்னை, வேலூர், திருச்சி என்று ஒரு ஊர் விடாமல் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் அலறியது.

அந்தப் பாட்டின் சூட்சுமம் என்ன? 1980-ல் 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா போட்ட மெட்டு. இருபத்தாறு வருஷத்துப் பழைய சரக்கு. அதன் மேல் புது தாளம், புது வேகம். அப்பாவும் மகனும் ஒரே பாட்டுக்குத் தலையாட்டினார்கள். அப்பா பல்லவிக்கு ஆட்டினார். மகன் மீதிக்கு ஆட்டினான்.

அதே யோகி பி குரல் 2017-ல் 'விவேகம்' படத்தில் கேட்டது. 2025-ல் 'விடாமுயற்சி'யிலும் கேட்டது. ரெண்டுக்கும் இசை அனிருத். பொயட்டிக் அம்மோ ஆல்பம் வந்தபோது இந்த அனிருத்துக்கு வயசு எட்டைத் தாண்டவில்லை. சட்டைப் பையில் மிட்டாய் வைத்திருந்திருப்பார். அந்தப் பொடியன் வளர்ந்து ஆளாகி, தாளம் போட்டுக் கொடுக்க, அண்ணன் அதன் மேல் ஏறிப் பாடுகிறார். அண்ணன் ஒன்றும், 'நான் பாட ஆரம்பிச்சப்போ நீ பொறந்தியா?' என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றோடு ரிட்டயர்மென்ட்!

*

கொஞ்சம் அமெரிக்கா போய்விட்டு வருவோம். (விசா நான் பார்த்துக்கொள்கிறேன்.)

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கில் பிராங்ஸ் என்ற ஏழைப்பட்ட ஏரியா. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் ஒரு பார்ட்டி. நடத்தியது ஒரு பெண். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, புதுத் துணி வாங்கக் காசு வேண்டும். அண்ணனை இசைத்தட்டு போடச் சொன்னாள். அந்தப் பதினெட்டு வயசு அண்ணன்தான் டீஜே கூல் ஹெர்க். பாட்டில் தாளம் மட்டும் தனியாக வரும் இடத்தை ரெண்டு தட்டில் மாற்றி மாற்றி நீட்டினார். ஜனம் ஆடித் தீர்த்தது. அதுதான் ஹிப்-ஹாப்பின் பிறந்த நாள் என்கிறார்கள். இன்றைக்குக் கோடிகளில் புரளும் தொழிலுக்கு ஆரம்ப முதலீடு, தங்கச்சியின் ஸ்கூல் ட்ரெஸ்! எந்த பி.காம். பாடப் புத்தகத்திலும் இல்லாத கேஸ்.

அதற்கு அடுத்த மாசம் அதே நியூயார்க்கில் பிறந்தவர் நாஸ். இருபது வயசில், 1994-ல், 'இல்மேட்டிக்' என்ற ஆல்பம் போட்டார். இன்றைக்கும் ராப் பைத்தியங்கள் அதைப் பாராயணம் பண்ணுகிறார்கள். ஆனால் கிராமி விருது? வருஷா வருஷம் பேர் பட்டியலில் வரும். விருது பக்கத்து சீட்காரருக்குப் போகும். (ஆபீஸ் புரமோஷன் ஞாபகம் வருகிறதா? வரும், வரும்.) முதல் கிராமி கிடைத்தது 2021-ல். நாற்பத்தேழு வயசில், 'கிங்ஸ் டிசீஸ்' ஆல்பத்துக்கு. அதற்குத் தாளம் அமைத்த ஹிட்-பாய் அவரைவிடப் பதின்மூன்று வருஷம் சின்னவர்.

அங்கே நாஸ் - ஹிட்-பாய். இங்கே யோகி பி - அனிருத். பேட்டர்ன் புரிகிறதா? தாளம் தம்பியிடம், வார்த்தை அண்ணனிடம்.

எல்லாருக்கும் இது கைகூடுவதில்லை. 'அவுட்காஸ்ட்' குழுவின் ஆண்ட்ரே 3000 பெரிய ஜாம்பவான். 2023 நவம்பரில் பல வருஷம் கழித்து ஓர் ஆல்பம் வெளியிட்டார். ரசிகர்கள் ஓடிப்போய்ப் போட்டுக் கேட்டால், முழுக்கப் புல்லாங்குழல்! ஒரு வரி ராப் கிடையாது. ஏன் சார் என்று கேட்டதற்கு, நாற்பத்தெட்டு வயசில் எதைப் பற்றி ராப் பண்ணுவது, குடலுக்குள் டியூப் விட்டுப் பார்க்கப் போவதையா, கண் மங்குவதையா என்கிற மாதிரி ஒரு பேட்டியில் சொன்னார்.

நேர்மையான பதில். சலாம். ஆனாலும் எனக்கு ஓர் ஆட்சேபம் உண்டு. ஏன் சார் பாடக் கூடாது? நம்ம பட்டினத்தார் பாடாத உடம்பா? கண் மங்குவதையும் பல் போவதையும் கால் தள்ளாடுவதையும் சித்தர்கள் பாடி வைத்ததைத்தானே நம் தாத்தாக்கள் திண்ணையில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்? இருபது வயசுப் பையன் பைக்கைப் பற்றி, பெண்ணைப் பற்றி ஆயிரம் பாட்டு கட்டிவிட்டான். முதல் முதலாக சுகர் டெஸ்ட் ரிசல்ட் வாங்கி, அதை மனைவியிடம் காட்டாமல் பர்ஸில் மடித்து வைக்கிறவனைப் பற்றி எவன் பாடினான்? அந்த ஏரியா முழுக்கக் காலி மனை. பட்டா போட ஆள் இல்லை.

*

சரி, ராப் என்பது வேகமாகப் பேசுவதுதானே, அதிலென்ன பெரிய கலை என்று கேட்பவர்களுக்காக ஒரு பாரா. (தெரிந்தவர்கள் டீ சாப்பிட்டுவிட்டு வரலாம்.)

மேஜையில் விரலால் நாலு தட்டு தட்டுங்கள். மேனேஜர் பார்த்தால் ஃபைல் தேடுவதுபோல் பாவனை பண்ணுங்கள். அந்த நாலு தட்டு ஒரு 'பார்'. அப்படிப் பதினாறு சேர்ந்தால் பொதுவாக ஒரு சரணம். தொண்ணூறுகளின் ராப் நிமிஷத்துக்குச் சுமார் தொண்ணூறு தட்டு. 'தகதிமி தகதிமி' என்று நாலு நாலாக நடக்கும். இப்போதைய பையன்கள் பல இடத்தில் மும்மூன்றாக ஓடுகிறார்கள். 'தகிட தகிட'. நம் மிருதங்க வித்வான்கள் திஸ்ர நடை என்பார்களே, அது. நாலில் நடந்து பழகின சீனியர் திடீரென்று மூன்றில் ஓடச் சொன்னால் மூச்சு வாங்கத்தான் செய்யும். அங்கே அவர் என்ன பண்ண வேண்டும்? கூடவே ஓடி மூக்குடைபடக் கூடாது. வார்த்தையைக் குறைக்க வேண்டும். பையன் பன்னிரண்டு வார்த்தை போடும் இடத்தில் இவர் ஐந்து போட்டு, நடுவில் கொஞ்சம் மௌனம் விட்டால் போதும். அந்த ஐந்தும் எடைக்கல் மாதிரி விழும்.

வார்த்தை நயத்துக்கு நமக்குப் பஞ்சமா? இங்கிலீஷ் ராப்பர் பெரும்பாலும் வரியின் கடைசியில் ஓசையை முடிச்சுப் போடுகிறார். நமக்கோ முன்னாலும் முடிச்சு உண்டு, பின்னாலும் உண்டு. முதல் எழுத்துக்கு மோனை, ரெண்டாம் எழுத்துக்கு எதுகை, கடைசிக்கு இயைபு. பத்தாம் கிளாஸில் தமிழ் ஐயா பிரம்போடு சொல்லிக் கொடுத்ததெல்லாம் ராப் பாடம்தான். அவர் தொப்பி மாட்டவில்லை, அவ்வளவே!

*

நம்ம ஏரியாவுக்கும் ராப்புக்கும் என்ன சம்பந்தம் என்று ஆம்பூரிலிருந்து யாரோ கேட்பது காதில் விழுகிறது. கால் சம்பந்தம் ஐயா! 1986-ல் ரன்-டிஎம்சி என்ற மூவர் குழு தாங்கள் போடுகிற அடிடாஸ் ஷூவைப் பற்றியே ஒரு பாட்டுப் பாடியது. நியூயார்க் கச்சேரியில் ரசிகர்கள் ஷூவைக் கழற்றித் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்கள். (நம்மூர் மேடையில் ஷூவைத் தூக்கினால் அர்த்தமே வேறு.) கம்பெனி உடனே அவர்களோடு ஒப்பந்தம் போட்டது. ராப்பும் ஷூவும் அன்றிலிருந்து சம்பந்திகள்.

ஷூ தைக்கிற ஊர்க்காரனுக்கு ஒரு ரகசியம் தெரியும். வெளிநாட்டு பையர் வருஷத்துக்கு ரெண்டு சீசன் புது டிசைன் கேட்பான். போன வருஷம் கூர் மூக்கு, இந்த வருஷம் சப்பை மூக்கு. கலர் மாறும், தையல் மாறும். ஆனால் உள்ளே போகிற பாதம்? அதற்கு அன்றும் இன்றும் அஞ்சு விரல்தான். டிசைனை மாற்றாதவன் ஆர்டர் இழப்பான். பாதத்தை மறந்தவனுக்குப் பெட்டி பெட்டியாகத் திரும்பி வரும்.

தமிழ் ராப்பின் சரித்திரத்தைப் பார்த்தாலும் இந்தப் 'பாதம்' தெரியும். 1994-ல் 'காதலன்' படத்தில் ஏ.ஆர்.ரஹ்மானின் 'பேட்டை ராப்'. சுரேஷ் பீட்டர்ஸ், ஷாகுல் ஹமீது குரல்களோடு தேனி குஞ்சரம்மாள் குரலும் அதில் உண்டு. கிராமத்துப் பாட்டு பாடி வளர்ந்த அம்மா. தமிழ்நாட்டையே கலக்கிய ராப்பில் பாட்டி வயசு ஆளின் தொண்டை! 2021 மார்ச்சில் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. தீயோடு சேர்ந்து பாடி எழுதிய அறிவு, பக்கத்து அரக்கோணத்துக்காரர். (2019 வரைக்கும் எங்கள் வேலூர் மாவட்டம். இப்போது ராணிப்பேட்டை. பாகப் பிரிவினையில் போய்விட்டார்.) அந்தப் பாட்டுக்கு விதை எங்கே? இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அவருடைய பாட்டியின் கதையில். ஊரெல்லாம் புதுசு தேடி அமெரிக்கா பக்கம் பார்க்கும்போது, புதுசு வீட்டுத் திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

நம்ம வடாற்காடு தெருக்கூத்தில் இதற்குப் பதவியே இருக்கிறது. கட்டியக்காரன். வெயில் காலத்தில் திரௌபதி அம்மன் கோயில் பக்கம் போய்ப் பாருங்கள். விடிய விடிய பாரதக் கூத்து. துரியோதனன் அதே துரியோதனன். கதை ஆயிரக்கணக்கான வருஷத்துப் பழசு. ஆனால் கட்டியக்காரன் வந்தால் சிலிண்டர் விலை பேசுவான், ரேஷன் கடை பேசுவான், முன் வரிசையில் தூங்கும் பெரிசைக் கிண்டலடிப்பான். போன வருஷ ஜோக்கை இந்த வருஷம் சொன்னால் ஜனம் எழுந்து டீக்கடைக்குப் போய்விடும். அவனுக்கு எத்தனை வயசு என்று யாரும் கேட்பதில்லை. அவன் அன்றைய தேதியில் இருக்கிறானா என்பதுதான் கேள்வி.

*

இதெல்லாம் எதற்கு இத்தனை விலாவாரியாக என்றால், விஷயம் பாட்டோடு நிற்கவில்லை.

என் சிநேகிதன் ஒருவன் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பதினாலு வருஷமாக மெர்ச்சண்டைசர். போன வருஷம் அவனுக்கு மேலே இருபத்தாறு வயசுப் பையன் ஒருவனை மேனேஜராகப் போட்டார்கள். நம்ம ஆள் இடிந்துபோனான். வீட்டுக் கடன் இன்னும் ஒன்பது வருஷம் பாக்கி. பெண் குழந்தை ஆறாவது படிக்கிறாள். ராத்திரி பதினோரு மணிக்கு போன் பண்ணி, "மச்சி, என்னை மெதுவா ஓரம் கட்றாங்கடா" என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது. அன்றைக்கு எனக்கும் தூக்கம் வரவில்லை.

முதலில் ஒரு மாசம் தலைக்கு டை அடித்து, கிழிந்த ஜீன்ஸ் வாங்கி, எல்லாரையும் 'ப்ரோ' என்று கூப்பிட்டான். பையன்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். அடுத்த மாசம் எதிர்ப்பக்கம் தாவினான். எதற்கெடுத்தாலும் "எங்க காலத்துல..." இப்போது பையன்கள் முகத்துக்கு நேராகவே கொட்டாவி விட்டார்கள். முதலாவது, வயசை மறைத்துப் பாடும் ராப்பர். ரெண்டாவது, வேலூர்ப் பழமொழி. ரெண்டும் எடுபடவில்லை.

மூன்றாவது தானாக வந்தது. மழைக்காலம். ஒரு லாட் பேக்கிங் முடிந்து கிளம்பத் தயார். கம்ப்யூட்டரில் எல்லாம் பச்சை விளக்கு. நம்ம ஆள் போகிற போக்கில் ஒரு பெட்டியைத் திறந்து, ஷூவுக்குள் விரலை விட்டுத் தடவி, மோந்து பார்த்து, "தம்பி, ஈரம் இருக்கு. இது கப்பல்ல போய் இறங்கறதுக்குள்ள பூஞ்சை புடிச்சிரும்" என்றான். தம்பி மேனேஜர் நல்ல பிள்ளை. உடனே மீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னான். அளவு எகிறியிருந்தது. லாட்டை நிறுத்திக் காயவைத்து அனுப்பினார்கள்.

இப்போது ரெண்டு பேரும் ஜோடி. கம்ப்யூட்டர் ரிப்போர்ட் தம்பி போடுகிறான், அண்ணன் அதைப் படிக்கக் கற்றுக்கொண்டான். அண்ணன் விரல் விட்டுப் பார்க்கிறான், தம்பி எதற்கு என்று கேட்டுக்கொள்கிறான். போன வாரம் போன் பண்ணினான். மணி ராத்திரி எட்டுதான். கடன் பாக்கி அப்படியே இருக்கிறது. குரல் மட்டும் பழைய குரல்.

அடியேன் தொழிலும் அதுதான். 2017 ஜூலை 1-ம் தேதி ஜிஎஸ்டி வந்தது. அதற்கு முந்தின ராத்திரி வரைக்கும் வாட் வரியில் கரை கண்டவர்கள் எல்லாம் மறுநாள் ஒன்றாம் கிளாஸ். சிலர் நோட்டை மூடிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். சிலர் பேரன் வயசுப் பையனிடம் போய், 'இதுல எங்கப்பா கிளிக் பண்ணணும்?' என்று கேட்டார்கள். கேட்டவர்கள் இன்றைக்கும் தொழிலில் இருக்கிறார்கள். ஏனென்றால், எங்கே கிளிக் பண்ண வேண்டும் என்பதைப் பையன் பத்து நிமிஷத்தில் சொல்லிக் கொடுத்துவிட்டான். எந்த பில்லில் வில்லங்கம் ஒளிந்திருக்கும் என்பதைப் பையனுக்குச் சொல்லிக் கொடுக்கப் பத்து வருஷம் ஆகும்.

ஆகவே, முப்பதைத் தாண்டிய ஆபீஸ் சிங்கங்களே! புதுசாக வந்து உட்காரும் பொடியனைப் பார்த்து வயிறு எரிய வேண்டாம். அவன் தட்டுகிற தாளத்தைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். புரியவில்லையா, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கௌரவம் ஒன்றும் குறையாது. ஆனால் அதன் மேல் பாடும்போது அவன் குரலில் மிமிக்ரி பண்ணாதீர்கள். உங்கள் வயசு பார்த்ததை, உங்கள் விரல் தடவினதை, உங்கள் சொந்தத் தொண்டையில் சொல்லுங்கள். யோகி பி அதைத்தான் செய்கிறார். கட்டியக்காரனும் அதைத்தான் செய்கிறான்.

இருபத்திரண்டு வயசுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. சிரிக்காதீர்கள் தம்பிகளா. இன்னும் பதினாலு வருஷத்தில் ஒருவன் தயிர் சாதத்திலிருந்து தலை நிமிர்ந்து உங்கள் ஹீரோவின் பெயரைச் சொல்லி, "யாருண்ணே அது?" என்பான். அவன் இப்போது எங்கள் சத்துவாச்சாரியில் மூணாம் வகுப்பு படித்துக்கொண்டிருக்கிறான்.

பின்குறிப்பு: வேலூர்ப் பழமொழியை அப்டேட் பண்ணிவிட்டேன். சாமி வந்தாச்சு. தண்ணியும் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. ராஜா இல்லாத கோட்டை மட்டும்தான் இன்னும் பாக்கி. அந்த வேகன்ஸிக்கு வயசு வரம்பு எதுவும் போட்டதாகத் தெரியவில்லை!